கடைசி வரியில் எழுத வேண்டிய பெயர்

அந்த ஆண்கள் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் அவருக்கு முழுசாக ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. யார் கூப்பிட்டார்கள்? தலைமையாசிரியரிலிருந்து ஆறாம் வகுப்புப் பொடியன் வரை எல்லோருக்கும் அவர் 'ரெண்டு பேனா'தான். சட்டைப் பையில் சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று நிரந்தரமாகக் குடியிருக்கும். தூங்கும்போதாவது கழற்றி வைப்பாரா மாட்டாரா என்று பையன்களுக்குள் பந்தயமே நடந்திருக்கிறது.

வேலை வேதியியல் ஆய்வகத்தில். சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்து வைப்பது, பியூரெட்டின் அடைப்பை எடுப்பது, அமிலத்தை அளந்து தண்ணீரில் ஊற்றி நீர்க்க வைப்பது, குடுவையை உடைத்துவிட்டு நழுவப் பார்க்கும் பையனைச் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்துவது. விரல் நுனிகள் எப்போதும் வெளிறித் தோல் உரிந்திருக்கும். மனிதர் பேச்சு குறைவு. ஆனால் அளவில் ஒரு துளி கூடிவிட்டால் பொறுக்க மாட்டார். புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், "விடுங்க, கிட்டத்தட்ட சரியா இருந்தா போதும்" என்றபோது, "கிட்டத்தட்டன்னா தப்புன்னுதான் சார் அர்த்தம்" என்று சொன்ன ஆள்.

இந்த ஆள் கூடைப்பந்துக்குள் வந்தது ஒரு சண்டையால். பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் ஒரு லீக் ஆட்டத்தில் புள்ளி எழுத மேசையில் உட்கார்ந்திருந்தவர் இரண்டு புள்ளியை விட்டுவிட்டார். இரண்டு பள்ளிப் பையன்களும் கட்டிப் புரண்டார்கள், மூன்று நாற்காலி போச்சு. அப்போதிருந்த கோச் தலையில் கை வைத்துக்கொண்டு, "இந்தப் பள்ளிக்கூடத்துல ஒழுங்கா எண்ணத் தெரிஞ்ச ஒரு ஆள்கூடவா இல்ல?" என்று கத்த, யாரோ ஆய்வகத்தைக் கை காட்டினார்கள். ஒரே ஒரு மேட்சுக்கு மட்டும் என்று கூட்டிப்போனார்கள். அந்த ஒரே ஒரு மேட்ச் பத்தொன்பது வருடமாக முடியவில்லை.

ஸ்கோர் ஷீட் என்பது பார்க்க வெறும் காகிதம். ஆனால் ஆட்டம் நடப்பது அதில்தான் என்பார் ரெண்டு பேனா. ஒவ்வொரு அணிக்கும் பன்னிரண்டு வரி. ஆட்டம் தொடங்குமுன் அந்த வரிகளில் பையன்களின் பெயரும் சட்டை எண்ணும் ஏற வேண்டும். கோச் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வரி மிச்சமிருந்தால் கோடு கிழித்து மூடிவிட வேண்டும். அதற்குமேல் ஷீட்டில் பெயர் இல்லாதவன் எவ்வளவு பெரிய சூரனாக இருந்தாலும் மைதானத்துக்குள் கால் வைக்க முடியாது. பெயருக்கு நேரே ஒரு சின்னக் கட்டம். பையன் ஆட இறங்கினால் அந்தக் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். இறங்காதவனின் கட்டம் கடைசி வரை வெறுமையாகவே இருக்கும். முதல், மூன்றாம் கால் பகுதிகளுக்குச் சிவப்பு மை, மற்றவற்றுக்கு நீலம். பேனா இரண்டு வந்த கதை இதுதான்.

கறார் என்றால் அப்படி ஒரு கறார். ஒரு வருடம் சொந்தப் பள்ளியின் கேப்டனுக்கே ஐந்தாவது ஃபவுலை எழுதி, கொஞ்சமும் யோசிக்காமல் ஐந்து என்ற அட்டையைத் தூக்கிக் காட்டினார். ஐந்து ஃபவுல் ஆனால் ஆள் வெளியே போக வேண்டும். கேப்டன் வெளியே போனான், ஆட்டமும் போனது. பாதிப் பள்ளி அவரோடு இரண்டு மாதம் பேசவில்லை. அவர் அதைக் கவனித்தாரா என்பதே சந்தேகம். பக்கத்தில் கடிகாரத்தோடு உட்காரும் நூலகர்தான் அவருக்கு இருந்த ஒரே சிநேகிதர். "நீ அரிச்சந்திரனுக்குப் பக்கத்து வீடாய்யா?" என்று அவர் கேட்பார். ரெண்டு பேனா சிரிக்காமல், "கடிகாரத்தப் பாரு" என்பார்.

இவருக்கு ஒரே பையன். அதே பள்ளி. இவருக்குப் பிள்ளையாகப் பிறந்துவிட்டு அவன் வேறு எந்த விளையாட்டுக்குப் போவான்? நடக்கப் பழகியதே அந்த மைதானத்தின் ஓரத்தில்தான். ஆனால் உயரம் வரவில்லை. கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுப் போட்டுப் பார்த்தாகிவிட்டது, இரண்டு வருடமாகக் கோடு அதே இடத்தில் நின்றது. கூடையில் போடும் கையும் சுமார்தான். அவனிடம் இருந்தது ஒன்றே ஒன்று: எதிராளி ஒருவனைக் காட்டிவிட்டால் போதும், அட்டை மாதிரி ஒட்டிக்கொள்வான். பயிற்சியில் அவனிடம் மாட்டிய பெரிய பையன்கள், "சார், இவனை எடுங்க சார், மூச்சு விட முடியல" என்று அழாத குறை.

ஒன்பதாம் வகுப்பில் தேர்வுக்குப் போனான், எடுக்கவில்லை. பத்தாவதில் போனான், எடுக்கவில்லை. பதினொன்றிலும் அதே கதை. பள்ளியின் கடைசி வருடத்தில்தான் பன்னிரண்டாவது ஆளாகப் பட்டியலில் ஒட்டிக்கொண்டான். சட்டைகள் நாலிலிருந்து பதினைந்து வரை. இவனுக்குப் பதினைந்து. அன்றிலிருந்து வீடு உட்பட எல்லா இடத்திலும் அவன் பெயர் 'பதினஞ்சு'.

அவன் அம்மா துணி திருத்தும் கடையில் வேலை பார்க்கிறவள். பேன்ட்டுக்கு நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பு பிடிப்பது. அணியின் சட்டைகளுக்கு எண் தைக்கும் வேலை அவளிடம்தான் வந்தது. பதினொரு சட்டைக்கு ஒரு தையல் போட்டவள் பதினைந்துக்கு மட்டும் இரண்டு தையல் போட்டாள். "ஓரவஞ்சனை பண்றியா?" என்று ரெண்டு பேனா கேட்டார். "ஆமா, பண்றேன். போய் உங்க ஷீட்ல எழுதிக்கோங்க" என்றாள் அவள்.

ரெண்டு பேனாவுக்கும் ஒரு ஆசை இருந்தது. வெளியே சொல்ல வெட்கம். மகன் பெயருக்கு நேரே அந்தப் பெருக்கல் குறியைத் தன் கையால் ஒரு தடவை போட்டுவிட வேண்டும். புள்ளி வேண்டாம், கோப்பை வேண்டாம். ஒரே ஒரு குறி. பத்தொன்பது வருடத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எத்தனை ஆயிரம் குறி போட்டிருப்பார்! ஒரு மாலை நூலகரிடம் வாய் தவறி இதைச் சொல்லிவிட்டு, அப்புறம் ஒரு வாரம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மகனுக்கும் அதே ஆசைதான், வேறு மாதிரி. மாற்றாக இறங்குகிறவன் முதலில் மேசைக்கு வந்து ஸ்கோர் எழுதுகிறவரிடம் சொல்ல வேண்டும் என்பது முறை. அதைக் குளியலறைக் கண்ணாடி முன்னால் அவன் சொல்லிப் பார்ப்பது கதவு வழியே கேட்கும். "ஆள் மாத்தணும் சார். பதினஞ்சு உள்ள." அம்மா அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

பருவம் தொடங்கியது. அணி நன்றாக ஆடியது. கோச் இளைஞர், நல்லவர், ஆனால் பயந்தவர். எட்டுப் பேரை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆட்டத்தில் ரெண்டு பேனாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு பையனின் அப்பா சத்தமாகவே சொன்னார்: "அப்பா மேசையில, புள்ள பெஞ்சுல. நல்ல ஏற்பாடுதான்!" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ரெண்டு பேனாவுக்குக் காது மடல் வரை சூடேறியது. திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது, சனியன்.

ஐந்தாவது ஆட்டத்தில் அணி முப்பது புள்ளி முன்னால் இருந்தது. இன்னும் நாலு நிமிடம். கோச் பெஞ்சில் இருந்தவர்களை ஒவ்வொருவராக இறக்கினார். கடைசியில் பதினைந்து மட்டும் மிச்சம். அவன் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, எழுந்திருக்கத் தயாராக, பெஞ்சின் விளிம்பில் இருந்தான். கோச் மேசைப் பக்கம் பார்த்து, 'இறக்கட்டுமா அண்ணே?' என்பது போலப் புருவத்தைத் தூக்கினார்.

ரெண்டு பேனா தலையை ஆட்டினார். வேண்டாம் என்று.

ஏன் ஆட்டினார்? நாலு பேர் சிரித்ததால் ஆட்டினார். வெற்றி உறுதியான ஆட்டத்தில் தயவுக்கு இறக்கினார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். தேவைப்பட்டு இறங்க வேண்டுமாம். அந்தத் தலையாட்டலைப் பதினைந்து பார்த்தான். ஊன்றியிருந்த கையை எடுத்துவிட்டுப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தான்.

நூலகர் அன்று பொரிந்து தள்ளிவிட்டார். "உனக்கு மூளை இருக்கா? நாலு நிமிஷம்யா! புள்ளையோட நாலு நிமிஷம்! யாரோ ஒருத்தன் வாய்க்குப் பயந்து உன் புள்ள வாயில மண்ணள்ளிப் போடுறியே!"

"அடுத்த மேட்ச்ல பாத்துக்கலாம்."

"அடுத்த மேட்ச் என்ன, உன் ஆய்வகத்து அலமாரியிலயா இருக்கு? எடுத்துக்கலாம்ங்கற?"

நூலகர் சொன்னபடியே ஆனது. அடுத்து வந்தவை எல்லாம் மூச்சு முட்டும் ஆட்டங்கள். காலிறுதிக்கு முந்தின ஆட்டத்திலேயே பன்னிரண்டாம் எண் பையன் காய்ச்சல் வந்து படுத்துவிட்டான். மூன்று ஆட்டத்துக்கு அணியில் பதினொரு பேர்தான். ரெண்டு பேனா பதினொரு பெயரை எழுதுவார், எண்ணுவார், "பதினொண்ணு, சரி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கடைசி வரியைக் கோடு போட்டு மூடுவார். பதினோராவதாக வருவது எப்போதும் மகன் பெயர். எண் வரிசைப்படியும் அவன்தான் கடைசி, அவர் மனசுப்படியும் அவன்தான் கடைசி. மற்ற பிள்ளைகளின் பெயரை எல்லாம் முடித்துவிட்டு, பேனாவை ஒரு தடவை துடைத்துக்கொண்டு, அந்தப் பெயரை நிதானமாக எழுதுவார். வாயில் வைத்த நல்ல கவளத்தைக் கடைசியில் மெல்லுகிற மாதிரி. நூலகருக்கு மட்டும் இது தெரியும்.

இறுதி ஆட்டம் ஒரு சனிக்கிழமை காலை. நகரின் உள்விளையாட்டு அரங்கம், பலகைத் தரை, மேலே தகரக் கூரை. முதல் முறையாகப் பதினைந்தின் அம்மா ஆட்டம் பார்க்க வந்திருந்தாள். கடைக்காரரிடம் அரை நாள் விடுப்புக் கேட்டு, தையல் பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேராக வந்துவிட்டாள். கூடைப்பந்தில் அவளுக்கு எண்களைத் தவிர ஒன்றும் தெரியாது.

கோச் முந்தின நாளே சொல்லியிருந்தார்: "அண்ணே, அவங்க கேப்டன் இருக்கானே, அந்த நெட்டையன், அவனைப் பிடிக்க நம்மகிட்ட ஒருத்தன்தான். பதினஞ்சுதான். கடைசிக் கால்ல இறக்குறேன். தலையாட்டாதீங்க, நான் உங்க பக்கமே திரும்பப் போறதில்ல."

அன்று காலை ரெண்டு பேனா சட்டையை இரண்டு முறை மாற்றினார். மேசையில் உட்கார்ந்து பெயர்களை எழுத ஆரம்பித்தார். நாலு, ஐந்து, ஆறு. காய்ச்சல்காரன் தேறி வந்துவிட்டான், பன்னிரண்டு எழுதினார், பதின்மூன்று, பதினாலு. பேனாவைத் துடைத்தார். அப்போதுதான் கேப்டன் ஓடி வந்தான். கூடையின் வலைக் கொக்கியில் மாட்டித் தோள் பக்கம் சட்டை கிழிந்து தொங்கியது.

"சார், கிழிஞ்ச சட்டையோட விட மாட்டாங்களாம் சார்! அம்மா வந்திருக்காங்கன்னு பதினஞ்சு சொன்னான். ஊசி இருக்குமா சார்?"

ரெண்டு பேனா எழுந்தார். கூட்டத்தில் மனைவியைத் தேடிக் கண்டுபிடித்துக் கையைத் தூக்கிக் கூப்பிட்டார். அவள் பெருமையோடு இறங்கி வந்து, கேப்டனை நிற்க வைத்தே நூலை ஓட்டித் தைத்து, பல்லால் கடித்து அறுத்தாள். "என் புள்ள எப்ப ஆடுவான்?" என்று கேட்டாள். "கடைசியில" என்றார் இவர். சொல்லும்போதே முகம் விரிந்துவிட்டது.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது நடுவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். ரெண்டு பேனா ஷீட்டில் விரலை ஓட்டி எண்ணினார். பதினொண்ணு. சரி. கடைசி வரியில் கோடு போட்டார். கோச்சிடம் நீட்டினார். கோச் ஐந்து பேருக்கு நேரே குறி வைத்துவிட்டு, பட்டியலை எண்ணாமல் கையெழுத்துப் போட்டார். ரெண்டு பேனா எழுதியதை யார் எண்ணுவார்கள்? பத்தொன்பது வருடத்தில் எண்ணியவன் ஒருவனும் இல்லை.

ஆட்டம் பிய்த்துக்கொண்டு போனது. நெட்டையன் முதல் பாதியிலேயே பதினெட்டுப் புள்ளி போட்டுவிட்டான். கடைசிக் கால் பகுதியில் மூன்று நிமிடம் மிச்சம், நம் பையன்கள் இரண்டு புள்ளி பின்னால். நெட்டையனைப் பிடித்துக்கொண்டிருந்தவனுக்கு ஐந்தாவது ஃபவுல். ரெண்டு பேனா அட்டையைத் தூக்கினார். கோச் மேசைப் பக்கம் திரும்பவே இல்லை. "பதினஞ்சு!" என்று கத்தினார்.

பையன் மேல்சட்டையை ஒரே இழுப்பில் கழற்றிப் போட்டுவிட்டு ஓடி வந்தான். மேலே அவன் அம்மா எழுந்து நின்று கை தட்டினாள். மேசைக்கு முன்னால் வந்து நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு எழுத்துக்கூடத் தப்பாமல் சொன்னான்.

"ஆள் மாத்தணும் சார். பதினஞ்சு உள்ள."

ரெண்டு பேனா நீலப் பேனாவை எடுத்தார். விரல் பெயர்களின் மேல் இறங்கியது. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு. அதற்குக் கீழே கோடு.

மேலிருந்து மறுபடி வந்தார். மறுபடி கோடு.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகன் காத்துக்கொண்டிருந்தான். உதட்டில் சிரிப்பை அடக்கி வைத்திருந்தான், அப்பா முகத்தைப் பார்த்தால் சிரித்துவிடுவோமோ என்று மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எதிரணிப் பள்ளியிலிருந்து துணைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆசிரியை ஷீட்டை எட்டிப் பார்த்தாள். பதினாலு, கோடு, முன்னால் நிற்கும் பையனின் மார்பில் பதினைந்து. அவளுக்குப் புரிந்துவிட்டது. குனிந்து, உதடு அசையாமல் சொன்னாள்:

"எழுதிடுங்க சார். கோட்டு மேலயே எழுதிடுங்க. நான் பாக்கல."

எதிரணி ஆசிரியை! தங்கமான பெண். எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். பேனா கையில் இருந்தது, வரி அங்கேயே இருந்தது. மூன்று விநாடி வேலை. நூலகர் மேசைக்கு அடியில் அவர் காலை உதைத்தார். ரெண்டு பேனாவின் கை ஷீட்டின் மேல் போனது. கோட்டைத் தொட்டது. அங்கேயே நின்றது. அந்தக் கைக்கு அதற்குமேல் போகத் தெரியவில்லை.

நடுவர் வந்துவிட்டார். "என்ன தாமதம்?"

"இவர் பேர் ஷீட்ல இல்ல" என்றார் ரெண்டு பேனா.

இவர் என்றார். பெற்ற பிள்ளையை.

பதினைந்து அப்போதுதான் திரும்பினான். முதலில் அப்பாவைப் பார்த்தான், பிறகு ஷீட்டை. அவனால் தலைகீழாகவே படிக்க முடியும், எத்தனை வருடமாகப் பார்க்கிற ஷீட். முகத்தில் ஈயாடவில்லை. கோச் பாய்ந்து வந்தார், கத்தினார், ஷீட்டைப் பிடுங்கிப் பார்த்தார், கீழே இருந்த தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நடுவர் உதட்டைப் பிதுக்கி, விதி விதிதான் என்றார். காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த பன்னிரண்டை இறக்கினார்கள். பதினைந்து கீழே கிடந்த மேல்சட்டையை எடுத்து உதறி, மடித்து, போய் உட்கார்ந்தான்.

ஆட்டத்தில் ஜெயித்தார்கள். ஆமாம், ஜெயித்தார்கள், ஒரே ஒரு புள்ளியில். காய்ச்சல்காரன் எங்கிருந்தோ வந்த தெம்பில் நெட்டையன் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்துவிட்டான். பையன்கள் குவியலாக விழுந்து புரண்டார்கள், கோச் அழுதார். பதினைந்தும் போய்க் குவியலில் விழுந்தான். கோப்பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றான். சட்டையில் வேர்வை இல்லாதவன் அவன் ஒருவன்தான். தோற்றிருந்தாலாவது நாலு பேர் ரெண்டு பேனாவைத் திட்டித் தீர்த்திருப்பார்கள், கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். ஜெயித்ததில் எல்லோருக்கும் அது மறந்தே போனது.

அம்மா கீழே இறங்கி வந்து மகன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தேன்டா! நீ ஓடி வந்தத பாத்தேன். மேசைக்கிட்ட நின்னுட்டுப் போனியே, அதுதான் ஆட்டமா? இல்ல நான் கண்ணத் தொடச்சப்ப உள்ள போயிட்டு வந்துட்டியா?"

"ஆமாம்மா" என்றான் அவன். "கொஞ்ச நேரம்தான்."

ரெண்டு பேனா பக்கத்தில்தான் நின்றார்.

வீட்டுக்குப் போனதும் அவளுக்கு உண்மை தெரியாமல் இருக்குமா? நூலகரின் மனைவி சொல்லிவிட்டாள். கேட்டவள் கணவனைத் திட்டவில்லை. "நான் வந்திருக்கக் கூடாது. நான் வரலன்னா அந்தச் சட்டையத் தைக்க எழுந்திருச்சிருக்க மாட்டீங்க" என்று தன்மேல் போட்டுக்கொண்டாள். அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் கோப்பையை வைத்துவிட்டுத் தலைமையாசிரியர் பேசினார். வீரர்களைப் பாராட்டிவிட்டு, குரலை ஏற்றினார். "இவர்களைவிடப் பெரிய வீரர் ஒருவர் நம்மிடம் இருக்கிறார். சொந்த மகன் முன்னால் நிற்கிறான். கையில் பேனா இருக்கிறது. எழுதினால் கேட்பார் இல்லை. ஆனாலும் விதிக்கு மேல் என் மகன் இல்லை என்று சொன்ன நேர்மையாளர்!" அறுநூறு பையன்கள் கை தட்டினார்கள். ரெண்டு பேனாவை மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் தலையைக் குனிந்தபடி நின்றார். என்ன அடக்கம் என்று ஆசிரியர்கள் பேசிக்கொண்டார்கள். அடக்கமாவது மண்ணாவது! தரை பிளந்தால் இறங்கிவிடலாம் என்று நின்ற மனிதர் அவர். வரிசையில் பதினைந்தும் கை தட்டிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது.

இடைவேளையில் தலைமையாசிரியர் அறைக்குப் போய், "ஐயா, அது நேர்மை இல்ல. நான்தான் எழுத மறந்துட்டேன். என் தப்பு" என்றார். தலைமையாசிரியர் எழுந்து வந்து அவர் தோளில் தட்டி, "இந்தத் தன்னடக்கம் இருக்கே, அதுதான் நீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். திட்டு வாங்கப் போன இடத்தில் இன்னொரு பாராட்டு.

அன்று மாலை கடைசி மணி அடித்த பிறகு பதினைந்து ஆய்வகத்துக்கு வந்தான். பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறை முடிந்து சோதனைக் குழாய்கள் தொட்டி நிறையக் கிடந்தன. பையைக் கழற்றி வைத்துவிட்டு, துணியை எடுத்து, அவர் கழுவக் கழுவத் துடைத்துத் தாங்கியில் கவிழ்த்தான்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுப்பா."

"வேணும்னேதான் என் பேர விட்டீங்களா? இல்ல மறந்துட்டீங்களா?"

அவர் தண்ணீர்க் குழாயை மூடினார். மகன் அவரைப் பார்க்கவில்லை, கையிலிருந்த சோதனைக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கறை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அட மனுஷா! ஊரே கூடி உன்னை நேர்மையாளன் என்கிறது. வாழ்நாளில் ஒரே ஒரு பொய் சொல்ல வேண்டிய இடம் இது, சொல்லித் தொலையேன்! அவருக்கு அது தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் பிள்ளை மனசு ஆறும் என்று நம்பினார். அவனை வேண்டுமென்று ஒதுக்கவில்லை என்று தெரிந்தால் போதும் என்று நினைத்தார்.

"வேணும்னு விடுவேனாடா? மறந்துட்டேன்பா. சத்தியமா மறந்துட்டேன். எண்ணினேன், பதினொண்ணு இருந்துச்சு. மூணு மேட்சா பதினொண்ணுதானே... சரின்னு கோடு போட்டுட்டேன்."

பதினைந்து தலையசைத்தான். குழாயைத் தாங்கியில் வைத்தான். அடுத்ததை எடுத்தான், துடைத்தான்.

"நான் வேணும்னே விட்டீங்கன்னுதான் நெனச்சேன்" என்றான். "அன்னிக்குத் தலையாட்டுனீங்கல்ல, அந்த மாதிரி. நாலு பேர் பேசுவாங்கன்னு விட்டுட்டீங்கன்னு. ரெண்டு நாளா உங்க மேல அவ்வளவு கோவம்பா. ஆனா அதுல ஒண்ணு இருந்துச்சு. கோடு போடுறப்ப என்னை நெனச்சிருப்பீங்கன்னு."

"திட்டுடா" என்றார். "நல்லா திட்டு. அடிச்சாக்கூட வாங்கிக்கறேன்."

"எதுக்குப்பா? மறக்கறது எல்லாருக்கும் வர்றதுதான்."

அவன் மிச்சக் குழாய்களையும் துடைத்தான், ஒன்றுகூட விடவில்லை. துணியைப் பிழிந்து கொடியில் போட்டான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அம்மா கடைப் பக்கமா போறேன், கூட்டிட்டு வீட்டுக்குப் போயிடறேன். நீங்க மெதுவா வாங்க" என்றான். குரலில் ஒரு துளி கோபம் இல்லை. வெளியாளிடம் பேசுகிற மரியாதைதான் இருந்தது.